கண்ணாடித் தூளுக்குத் திறப்பு விழா

தருமபுரிக்கும் காரிமங்கலத்துக்கும் நடுவே, பெங்களூர் பஸ்கள் நிற்காமல் பறக்கிற இடத்தில், ராஜப்பனார் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு சட்டம் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, விழா வைத்துத் திறக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. குடிதண்ணீர் மெஷின், ஜெராக்ஸ் மெஷின், மாடிப்படிக் கைப்பிடி, பெண்கள் கழிப்பறையில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி, எல்லாமே ரிப்பன் வெட்டிக் குத்துவிளக்கு ஏற்றிய பிறகுதான் புழக்கத்துக்கு வந்தன. இயற்பியல் ஆய்வகத்து வெற்றிடப் பம்பைத் திறந்தபோது, போட்ட சாமந்தி மாலையைக் கழற்ற மறந்து ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். இதழெல்லாம் பம்புக்குள் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து அதில் வெற்றிடம் வருவதில்லை, பூ வாசம்தான் வருகிறது. ஆண்டறிக்கையில் அந்தப் பம்பு இன்னமும் சாதனைப் பட்டியலில் இருக்கிறது.

இந்தக் கல்லூரியில்தான் அனிஷா பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அப்பா அருள்நாதன் காரிமங்கலம் பக்கம் தக்காளி போடுகிறவர். தக்காளி விலை விழுந்த வருடங்களில்கூட மகள் படிப்பை நிறுத்தாத மனுஷன். மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கண்ணாடியில காந்தம் தேடுதுங்க பாப்பா" என்பார். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

அப்பா சொன்னது கிட்டத்தட்டச் சரிதான். மணலோடும் அலுமினாவோடும் மாங்கனீசைக் கலந்து உருக்கி, சட்டென்று குளிரவைத்தால் ஒரு மாதிரி பழுப்புக் கண்ணாடி கிடைக்கும். அதற்குள் ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். இரும்பாக இருந்தால் அந்தக் குட்டிக் காந்தங்கள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். கண்ணாடியில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்காது. ஒரு பக்கத்து அணு இப்படித் திரும்பு என்று சொல்லும், இன்னொன்று அப்படித் திரும்பு என்று சொல்லும். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், கடும் குளிரில் அவை ஆளுக்கொரு திசை பார்த்தபடி உறைந்துபோகும். எப்படி உறைகின்றன என்று பார்க்க வேண்டுமானால் அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களை அதன்மேல் பாய்ச்சி, எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று எண்ண வேண்டும்.

மும்பையில் இருக்கும் அணு உலையில் அதற்கு மனுப் போட்டு, ஒன்றரை வருடம் காத்திருந்து, அனிஷாவுக்கு மூன்று நாள் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை தொடக்கம். உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. இந்த மூன்று நாளைக் கோட்டைவிட்டால் அடுத்த முறைக்கு இன்னும் ஒன்றரை வருடம், அதுவரை சோற்றுக்கு வழி கிடையாது. பிஎச்.டி. அவ்வளவுதான்.

கண்ணாடியை உருக்கியதும் சும்மா நடக்கவில்லை. கல்லூரியில் கண்ணாடி உருக்கும் உலை ஒன்று உண்டு, ஆனால் அது இன்னும் திறந்து வைக்கப்படவில்லை, சிவப்பு ரிப்பனோடு மூலையில் நிற்கிறது. பெங்களூரில் யார் யாரையோ கெஞ்சி, ஒரு ஆய்வகத்தில் உருக்கி வாங்கி, அகேட் என்கிற கெட்டிக் கல்லில் செய்த கல்வத்தில் கை வீங்க அரைத்து ஆறு கிராம் தூள் சேர்த்து வைத்திருந்தாள். அரைத்தபின் பழுப்பெல்லாம் போய் நல்ல சாம்பல் வெள்ளையாக இருந்தது. குறைந்தது ஐந்து கிராமாவது கொண்டு வா என்று மும்பையில் சொல்லியிருந்தார்கள்.

மும்பை அணு உலையின் வாசலில் அவளை உள்ளே விடுவதற்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அதைக் கேட்கப் போனதில்தான் வினை பிடித்தது.

முதல்வர் சிவக்குமார் தானாக எதிலும் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. துறைத் தலைவர் மாதவராஜைக் கூப்பிட்டார். மாதவராஜ்தான் அனிஷாவின் வழிகாட்டி. அவர் இருவரையும் தாளாளர் ராஜப்பனிடம் கூட்டிப் போனார். ராஜப்பன் தன் பெயரில் தானே கல்லூரி கட்டி, வாசலில் தன் சிலையை வைக்க இடம் விட்டு வைத்திருக்கிறவர்.

"ஒரே வார்த்தையில சொல்லும்மா. இது காந்தமா, இல்லையா?" என்றார் ராஜப்பன்.

"காந்தந்தாங்க சார். ஆனா ஒட்டாதுங்க."

ராஜப்பன் மேஜைமேல் இருந்த ஊக்கு ஒன்றை எடுத்து, அவள் கையிலிருந்த சீசாவின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஊக்கு அசையவில்லை.

"ஒட்டாத காந்தத்துக்கு நாலு வருசமா? எங்க வூட்டு ஃபிரிட்ஜ் கதவுல இருக்கறது இதைவிட நல்லா ஒட்டுதே."

"சார், இதுக்குள்ள ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு பக்கம் பாத்துட்டு நிக்குதுங்க. அதனால மொத்தத்துல ஒட்டாதுங்க. எப்படி நிக்குதுன்னு பாக்கத்தான்…"

"ஆளுக்கொரு பக்கமா?" ராஜப்பனின் முகம் மாறியது. "நம்ம காலேஜ்ல வெச்சு இப்படி ஒண்ணைச் செஞ்சிருக்கியா? இங்க ஐநூறு ஸ்டாஃப் இருக்காங்க. யாராவது ஆளுக்கொரு பக்கம் பாக்கறாங்களா? எல்லாரும் என்னைத்தானே பாக்கறாங்க?"

முதல்வர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாதவராஜும் அவரையே பார்த்தார்.

"சரி, ரிசல்ட் என்ன வரும்?"

"அது தெரியாதுங்க சார். பாத்தாத்தான் தெரியும்."

"ரிசல்ட் தெரியாமயே ஆராய்ச்சி பண்ணுறியா?" என்று ராஜப்பன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நான் அப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு எதிரி இல்ல. ஆனா ஊருக்குத் தெரிஞ்சா நம்மள என்ன நெனப்பாங்க? மாதவராஜ், இந்தப் பொடி திறந்து வெச்சதா?"

மாதவராஜ் தலையைச் சொறிந்தார். பொடியைத் திறப்பது பற்றி யாரும் இதுவரை யோசித்ததில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை விழா வெச்சிருங்க. நம்ம டயர் ஏஜென்சி முனியப்பனைச் சிறப்பு விருந்தினரா கூப்பிடுங்க. விழா முடிஞ்சதும் அந்தப் பொண்ணுக்கு லெட்டர் குடுத்துருங்க."

வெள்ளி மதியம் விழா, மாலையில் பெங்களூருக்கு ரயில், அங்கிருந்து மும்பை. நேரம் இருக்கிறது என்று அனிஷா மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒரு ரிப்பன், நாலு பேச்சு, தேங்காய் உடைப்பு. சீசா மூடியிருக்கும்வரை தூளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

விழா மேடையில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ். தாளாளர் படம் பெரிதாக, முனியப்பன் படம் அதில் பாதி, முதல்வர் படம் அதிலும் பாதி. கண்ணாடித் தூளின் படத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. அனிஷா பட்டுப்புடவையில் வரவேண்டும் என்று உத்தரவு. முதல் வரிசையின் கடைசியில், வெளுத்த வேட்டியில் அருள்நாதன் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு விழா எடுக்கிறார்கள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

விளக்கேற்றுவதற்குச் சற்று முன்னால் மாதவராஜ் சீசாவை வாங்கிப் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன டப்பாவுக்குள்ள இருந்தா போட்டோல என்னம்மா தெரியும்?"

"சார், வேண்டாங்க சார், திறக்காதீங்க…"

அதற்குள் அவர் மூடியைத் திருகி ஆறு கிராமையும் வெள்ளித் தட்டில் கொட்டி, விரலால் குவித்து அழகாக்கிவிட்டார். குங்குமக் கிண்ணத்துக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் நடுவே தட்டை வைத்து, அதை அனிஷாவின் கையிலேயே கொடுத்து, மேடை நடுவில் நிற்கவைத்தார். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்குது."

முனியப்பன் மேடையேறினார். பாப்பிரெட்டிப்பட்டியில் டயர் ஏஜென்சி வைத்திருப்பவர். கல்லூரி பஸ்களுக்கெல்லாம் அவர் கடை டயர்தான். விளக்கை ஏற்றினார், கும்பிட்டார், திரும்பினார். எதிரே பட்டுப்புடவையில் ஒரு பெண், கையில் வெள்ளித் தட்டு, குங்குமம், சந்தனம், நடுவில் சாம்பல் வெள்ளைப் பொடி. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எந்த மனுஷன் அந்த இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்பான்? மூன்று விரலையும் ஒன்றாகச் சேர்த்து, தாராளமாக அள்ளி, நெற்றி முழுக்க மூன்று பட்டை இழுத்துக்கொண்டார்.

அனிஷா பதறித் திரும்பினாள். மாதவராஜைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும், அவர்தான் கொட்டினார். ஆனால் சிறப்பு விருந்தினர் செய்தது தப்பு என்று சொல்லும் வழக்கம் அந்தக் கல்லூரியில் கிடையாது. அவர் செய்ததைப் பதவி வரிசைப்படி மற்றவர்களும் செய்வதுதான் வழக்கம். தாளாளர் எழுந்து வந்து பூசிக்கொண்டார். தாளாளரின் மனைவி சிட்டிகை எடுத்து நெற்றியிலும் தாலியிலும் வைத்துக்கொண்டார். முதல்வர் பூசினார், துணை முதல்வர் பூசினார், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பூசினார். அப்புறம் மாதவராஜே வந்தார்.

"சார், நீங்களுமா?" என்றாள் அனிஷா பல்லைக் கடித்துக்கொண்டு.

"பூசலன்னா வித்தியாசமாத் தெரியும்மா," என்று அவர் கிசுகிசுத்துவிட்டு, மூன்று கோடு போட்டுக்கொண்டு போனார்.

பிறகு துறைத் தலைவர்கள் வரிசை, பேராசிரியர்கள் வரிசை, அலுவலகக் கண்காணிப்பாளர். தட்டில் வெள்ளி தெரியத் தொடங்கியது. பெங்களூருக்கு அலைந்தது, கை வீங்கியது, ஒன்றரை வருடம் காத்திருந்தது எல்லாம் ஒவ்வொரு நெற்றியாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடவும் முடியவில்லை, விழாவின் தட்டு அது. கடைசியாக ஒரு கறுத்த காய்த்த கை நீண்டது. அருள்நாதன். சாம்பல் புதன்கிழமை மாதா கோயிலில் சாமியார் முன் நிற்பதைப்போலப் பயபக்தியோடு நின்று ஒரு சிட்டிகை எடுத்துவிட்டார்.

அந்த மேடையில் அவள் அதட்டக்கூடிய ஒரே ஆள் அவர்தான். "அப்பா! அது துன்னூறு இல்ல. என் கண்ணாடித் தூள்!"

அருள்நாதன் அப்படியே நின்றார். மற்றவர்களின் நெற்றிகளைத் திரும்பிப் பார்த்தார். விரலில் இருந்ததை ஒரு துணுக்குகூடச் சிந்தாமல் தட்டிலேயே உதறிவிட்டு, "அப்ப இவங்கல்லாம்?" என்று கேட்டார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

பேச்சு தொடங்கியது. மாதவராஜ் முதலில் மைக்கைப் பிடித்தார். "இந்த ஆராய்ச்சி என்ன என்று எனக்கு முழுமையாகத் தெரியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். வழிகாட்டி என்பவன் வழியைக் காட்ட வேண்டும். கூடவே நடந்தால் மாணவருக்குத் தன்னம்பிக்கை வராது." கைதட்டல்.

ராஜப்பன் எழுந்தார். "ஆராய்ச்சின்னா எனக்கு உசுரு. போன வருசம் மட்டும் பதினேழு ஆராய்ச்சியத் திறந்து வெச்சிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூடத் தோத்ததில்ல. ஏன்னு கேட்டா, திறந்ததோட நாம நிறுத்திக்கிறோம்." இதற்கு இன்னும் பலமான கைதட்டல்.

முனியப்பன் நெற்றியைச் சொறிந்தபடியே பேசினார். "எனக்குக் காந்தத்தைப் பத்தித் தெரியாதுங்க. டயர்ல காந்தம் கெடையாது. கூப்பிட்ட எடத்துல எல்லாம் எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு நான் கேக்கறதும் இல்ல. கேட்டா மறுக்கா கூப்பிட மாட்டாங்க. ஆனா ஒண்ணு, இதப் பூசின நிமிசத்துல இருந்து நெத்தி குறுகுறுன்னு இழுக்குது. இதுதாங்க சயின்ஸ்!"

கண்ணாடியை அரைத்துப் பூசினால் நெற்றி குறுகுறுக்காமல் என்ன செய்யும்? மேடையில் எல்லாருமே சொறிந்துகொண்டிருந்தார்கள். விருந்தினர் சொறிகிறாரே என்று, பூசாமல் இருந்த யாரோ இரண்டு பேர்கூட மரியாதைக்குச் சொறிந்தார்கள். முனியப்பன் அடுத்து ஒரு காதுகுத்துக்குப் போகவேண்டும் என்று பொன்னாடையோடு கிளம்பிவிட்டார். எல்லாரிலும் அகலமான பட்டை அவருடையது. அது பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் போனது போனதுதான்.

அனிஷா தட்டைப் பார்த்தாள். ஒன்றரை கிராம் தேறினால் அதிகம். அவள் மெல்ல முதல்வரிடம் போய், நெற்றியில் இருப்பதைத் திருப்பித் தரச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். தாளாளரின் மனைவி காதில் அது விழுந்துவிட்டது.

"என்னம்மா சொல்றே? வெள்ளிக்கிழமையும் அதுவுமா நெத்தியில வெச்ச துன்னூற அழிக்கறதா? வெளங்குமா?"

முதல்வர் ஒரு குழு அமைக்கலாம் என்றார், திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் அனிஷாவுக்கு அழுகை நின்றுவிட்டது, எரிச்சல் வந்தது. நாலு வருடம் இந்தக் கல்லூரியில் குப்பை கொட்டியவளுக்கு, இவர்களிடம் எதைக் கேட்டால் கிடைக்காது என்பது நன்றாகத் தெரியும். எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதும் அப்போது சட்டென்று தெரிந்தது. நேராக மைக்குக்குப் போனாள்.

"பெருமதிப்பிற்குரிய தாளாளர் அய்யா அவர்களே. திறப்பு விழா இனிதே நிறைவடைந்தது. இப்போது விழாவின் சிகரமாக, பொடி வழியனுப்பு நிகழ்ச்சி நடைபெறும். பெரியவர்களின் நெற்றியில் தங்கிய பொடியே மும்பைக்குப் பயணமாக வேண்டும் என்பது நமது கல்லூரியின் மரபு."

அப்படி ஒரு மரபு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும். ராஜப்பன் மட்டும் முன்னால் குனிந்தார்.

"போட்டோ உண்டாம்மா?"

"உண்டுங்க சார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாங்க."

"மொதல்ல யாரு?"

"நீங்கதாங்க சார்."

"அழிக்கறது ஆகாதே," என்று அவர் மனைவி இழுத்தார்.

"அழிக்கறது இல்லைங்க மேடம். வழியனுப்பறது."

அவ்வளவுதான், வரிசை நின்றுவிட்டது. ஆய்வகத்திலிருந்து மெல்லிய பிரஷும் பட்டர் பேப்பரும் வந்தன. ராஜப்பனார் கல்லூரியின் தாளாளர், தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மாணவியின் முன் தலை குனிந்தார். அவள் பிரஷால் அவர் நெற்றியைப் பெருக்கினாள். ஃபிளாஷ் அடித்தது. முதல்வர் குனிந்தார், துணை முதல்வர் குனிந்தார். குங்குமம் கலந்த நெற்றிகளை மட்டும் பேருக்குப் பெருக்கி வேறு காகிதத்தில் ஒதுக்கினாள். மாதவராஜ் குனிந்தபோது, அவள் கொஞ்சம் அழுத்தியே பெருக்கினாள். அருள்நாதன் பக்கத்தில் நின்று காகிதத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தட்டில் மிஞ்சியதையும் சேர்த்து நாலு கிராமும் சொச்சமும் தேறியது. ஆனால் தாளாளர் தலைக்குத் தினமும் தேங்காயெண்ணெய் தடவுகிறவர். புழுக்கத்தில் எல்லாருக்கும் வேர்வை வேறு. தூள் அங்கங்கே பிசுபிசுத்தது. உலையில் வைத்துச் சுட்டால் எண்ணெய் எரிந்து போய்விடும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. உலையோ ரிப்பனோடு நின்றது.

"அதைத் திறக்க முனியப்பன் சாரைத்தான் மறுபடி கூப்பிடணும்," என்றார் மாதவராஜ்.

அனிஷா கடிதத்தை வாங்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

மும்பையில் அந்தக் கருவிக்குப் பொறுப்பான விஞ்ஞானி அருண்குமார் தமிழர்தான். அதிகம் பேசாதவர். தூளை எடை போட்டு, ஐந்துக்குக் குறைவாக இருக்கிறதே என்று முகம் சுளித்து, வனேடிய உலோகக் குப்பியில் அடைத்துக் குளிரூட்டியில் இறக்கினார். நியூட்ரான்கள் பாய்ந்தன. இரண்டு நாள் எண்ணிக்கை ஓடியது. அனிஷா கேன்டீனுக்குக்கூடச் சரியாகப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அருண்குமார் அவளைத் திரைமுன் கூப்பிட்டார்.

திரையில் ஓடிய வரைபடத்தில், அணுக்கள் உறைந்த விதத்தைக் காட்டும் என்று அவள் எதிர்பார்த்த மேடு தெரியவில்லை. ஒரு கோணத்திலிருந்து இன்னொரு கோணம்வரை, உயரமாக, தட்டையாக ஒரு கோடுதான் ஓடியது. அதன் முதுகில் ஏதோ லேசாகப் புடைத்திருப்பது போலிருந்தது, அவ்வளவே.

"உன் கண்ணாடியில ஹைட்ரஜன் எங்கிருந்தும்மா வந்துச்சு? தண்ணியா, எண்ணெயா?"

அவளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அறிவியலில் பொய் சொல்லக் கூடாது.

"அது எங்க தாளாளருங்க சார்," என்றாள். "கூட முதல்வரும் துறைத் தலைவருங்களும் இருக்காங்க." பிறகு முழுக்கதையையும் சொன்னாள்.

அருண்குமார் சிரிக்கவில்லை. திரையில் இருந்த கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தொட்டுக் காட்டினார். "ஹைட்ரஜன் அப்படித்தான். கொஞ்சம் இருந்தாப் போதும், மத்த எதையும் பேச விடாது. ஆனா பாரு, எந்தக் கோணத்துல போய்ப் பாத்தாலும் ஒரே அளவுதான். ஒரு எடத்துல ஏறல, ஒரு எடத்துல எறங்கல. சத்தம் மட்டுந்தான், தகவல் ஒண்ணும் கெடையாது."

"இப்ப என்னங்க சார் செய்யறது? என் மூணு நாள் போச்சுங்களா?"

"ஏன் போவுது? இத மொத்தமாக் கழிச்சிரலாம்."

"எடுத்துட்டா ஆராய்ச்சியில எதுவும் கொறையாதுங்களா?" அவள் நிஜமாகவே பயந்துதான் கேட்டாள். நாலு வருடப் பழக்கம்.

"ஒண்ணுமே கொறையாது," என்று சொல்லிவிட்டு, கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். "நீயே கழி."

அனிஷா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். தாளாளர், அவர் மனைவி, முதல்வர், துணை முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், மாதவராஜ் எல்லாரையும் மனசுக்குள் ஒரு முறை பதவி வரிசைப்படியே நினைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டினாள். அந்தத் தட்டையான கோடு திரையின் அடிக்குப் போய் உட்கார்ந்தது. கண்ணாடி சொல்ல நினைத்த மேடு தெளிவாக எழுந்து நின்றது.